பன்னிரண்டு வள்ளம், முப்பத்திரண்டு அங்குலம்

அன்றைக்குச் சுண்ணாம்புக் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நானும் இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. இருந்தவர்கள் இவர்கள்தான்: கொட்டகைக்குச் சொந்தக்காரர் வெள்ளியங்கிரி. அவருடைய சித்தப்பா மகனும் பங்காளியுமான அங்கப்பன். குலதெய்வக் கோயில் பூசாரி செங்கோட்டையன். குழாய்க்குக் கணக்குப் போட்ட வெங்கடபதி. மோட்டார் ஓட்டிய கலீல் ரஹ்மான். சுண்ணாம்பு அளந்த மாசாணியம்மாள், அவளோடு மூன்று பெண்கள். அவ்வளவுதான். ஒரு காக்கை கூட அதிகம் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, தை மாதம் எட்டாம் தேதி. இடம், போத்தனூருக்குத் தெற்கே, ரயில் பாதை ஓரம்.

வெள்ளியங்கிரிக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. சுண்ணாம்புக் காளவாய் வைத்துப் பத்து வருசம் ஆகியிருந்தாலும் தன்னை வியாபாரி என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பண்ணையம் செய்கிறவர், பக்கத்தில் ஒரு காளவாயும் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். முதுகு வளையாமல் நடப்பார். உட்கார்ந்தாலும் சாயமாட்டார். நாற்காலியின் முதுகுப்பலகை அவருக்கு எதற்கு என்று வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள், அவர் காதில் விழாமல்.

நீற்றிச் சலித்த சுண்ணாம்புத் தூள் கொட்டகையில் குவிந்து கிடக்கும். ரயில் வண்டியில் ஏற்றுவதற்கான இரும்புத் தொட்டி இருநூறு அடி தள்ளி, பாதை ஓரத்தில் உயரத்தில் நின்றது. நடுவில் ஒரு பள்ளம், அதன்மேல் பலகைப் பாலம். பெண்கள் கூடையில் தூளை அள்ளித் தலையில் வைத்து அந்தப் பாலத்தின் மேல் நடப்பார்கள். வேர்வையும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். மாசாணியம்மாளுக்கு உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. அந்தப் பாதையில் கூடைக்குப் பதிலாகக் குழாய் போட்டுவிடலாம் என்று வந்து சொன்னவன் வெங்கடபதி.

"காத்தை ஊதி, அதுலயே தூளை அனுப்பிப்போடலாமுங்கய்யா. ஆறங்குலக் குழாய் போதும். பைக்காரா அருவிக் கரண்டுதான் வந்திருச்சுங்களே."

வெள்ளியங்கிரி அவனை மேலிருந்து கீழே பார்த்தார். முப்பது வயதிருக்கும். சென்னையில் படித்துவிட்டு வந்தவன். அப்பன் ராமுலு நாயுடு மாடு பூட்டிக் கவலை இறைக்கிற கிணறுகளுக்கெல்லாம் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர், நல்ல மனுசர். மகன் சட்டைப்பையில் மூன்று பென்சில் வைத்திருந்தான். ஒரு பென்சிலுக்கு மேல் வைத்திருப்பவனை நம்பக்கூடாது என்பது வெள்ளியங்கிரியின் எண்ணம். ஆனாலும் மாசாணியின் தலையையும் அவர் பார்த்திருந்தார். "செய்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மார்கழிக் கடைசியில் கோயிலில் பங்காளிகள் கூடியபோது அங்கப்பன் வாயைத் திறந்தான்.

அங்கப்பனைப் பற்றி அதிகம் சொல்வது வீண். அவனும் ஒரு காளவாய் வைத்திருந்தான். அவனுடைய கொட்டகையில் சுண்ணாம்பு அளக்கும் வள்ளத்தின் மேல் ஒரு கோலை வைத்து வழித்துவிடுவார்கள். ஒரு சிட்டிகை கூடுதலாகப் போய்விடக்கூடாது. அவன் அப்பனும் அப்படித்தான். பஞ்ச காலத்தில் கம்பு கேட்டு வந்தவர்களுக்கும் வழித்துத்தான் அளந்தார். வெள்ளியங்கிரியின் வீட்டில் அந்தக் கோல் கிடையாது. வள்ளம் வாய் அகலம், அதன்மேல் கூம்பாகக் குவித்து, இனிமேல் நிற்காது என்று சரியத் தொடங்கும்வரை அளப்பது அந்த வீட்டு வழக்கம். நாலு வள்ளம் வாங்கினால் ஐந்து வள்ளம் வீட்டுக்குப் போகும். இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதான். ஆனால் இது ஒன்று போதும்.

"அண்ணோவ், காத்துல சுண்ணாம்பு அனுப்பறீங்களாமா?" என்றான் அங்கப்பன், எல்லோர் காதிலும் விழும்படி. "பறந்து போயி நேரா ரயில்ல ஏறி உக்காந்துக்குமா? டிக்கெட்டு எடுத்துக் குடுத்தீங்களா?"

பங்காளிகள் சிரித்தார்கள். சிரிப்பதற்கென்றே வந்தவர்கள்.

"தை எட்டாந் தேதி வந்து பாரு" என்றார் வெள்ளியங்கிரி. "ஒரு கூடை ஒரு பொம்பளை தலையில ஏறாம, உச்சிப் பொழுதுக்குள்ள தொட்டி ரொம்பும்."

"ரொம்பலைன்னா?"

"இந்த வருசப் பரிவட்டம் உனக்கு."

மாசிப் பொங்கலில் அம்மன் முன்னால் தலையில் கட்டும் முதல் பரிவட்டம் நான்கு தலைமுறையாக வெள்ளியங்கிரியின் வீட்டுக்கு. பூசாரி செங்கோட்டையன் மட்டும் மெதுவாக, "சாமி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். யோசித்துச் சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. சொன்னபிறகு மாற்றும் பழக்கமும் இல்லை.

வெங்கடபதிக்கு இது தெரிந்தபோது அவன் முகம் வெளுத்தது. மறுநாளிலிருந்து அவன் கொட்டகையிலேயே கிடந்தான். சுவரில் ஒரு பலகை அடித்து, அதில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினான். ரப்பர்க் குழாய் வழியாக அதை இரும்புக் குழாயின் தொடக்கத்தோடு இணைத்தான். மோட்டாரை ஓட்டினால் உள்ளே காற்று எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு நீலத் தண்ணீர் மேலே ஏறும். அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டிருந்தான்.

"வெறும் காத்து இந்த இருநூறு அடி போறதுக்கே எட்டங்குலம் வேணுமுங்க" என்று காட்டினான். "தூளைப் போட்டா அதையும் காத்துதானே இழுத்துட்டுப் போகோணும். நிமிசத்துக்கு ஒரு வள்ளம் போட்டா ரெண்டங்குலம் ஏறுது. மூணு வள்ளம் போட்டுப் பார்த்தேன், பதினாலு. ஆறு வள்ளம், இருபது. பன்னெண்டு போட்டா உச்சிக்கு முன்னயே தொட்டி ரொம்பிரும். அதுக்கு முப்பத்திரண்டுங்க."

சுவரில் சாக்கட்டியால் எழுதினான்: 12 – 32. அதற்கு மேலே ஒரு கோடு கிழித்து 36 என்று போட்டான்.

"இதென்ன கோடு?"

"இந்த மிசினால தள்ள முடிஞ்சது முப்பத்தாறுதானுங்க. அதுக்கு மேல கேட்டா காத்து ஓட்டம் கொறையும். கொறைஞ்சா தூள் கீழ படியும். படிஞ்சா வழி இன்னும் சுருங்கும். அப்புறம் அடைப்புத்தானுங்க."

"செவுத்துல எழுதி வெச்சுட்டா காத்து வந்து படிச்சுப் பாக்குமாக்கும்" என்றார் வெள்ளியங்கிரி.

பக்கத்தில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கலீல் ரஹ்மான், "படிக்கும் மொதலாளி. மோட்டாரும் படிக்கும். படிக்காதது மனுசன்தான்" என்றான். கலீலுக்கு யாரிடமும் பயம் கிடையாது. தொழில் தெரிந்தவனுக்கு அந்தச் சலுகையை வெள்ளியங்கிரி கொடுப்பார்.

அந்தச் சோதனையையெல்லாம் வெங்கடபதி தன் கையாலேயே அளந்து செய்தான். அளக்கும்போது பென்சிலை வள்ளத்தின் மேல் வைத்து வழித்தான். வெள்ளியங்கிரி அதைப் பொருட்படுத்தவில்லை. நாயுடு பையன் எதையோ விளையாடுகிறான் என்றுதான் நினைத்தார்.

எட்டாம் தேதி காலை வெயில் ஏறும்போது அங்கப்பன் வந்தான். மில் வேட்டி, பட்டு அங்கவஸ்திரம். சுண்ணாம்புக் கொட்டகைக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வருகிறவனை என்ன சொல்ல! பூசாரியைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தான். தொட்டி காலியாக இருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பார்த்தான். கூடைகளையெல்லாம் எண்ணிப் பார்த்து மூலையில் கவிழ்த்து வைக்கச் சொன்னான். பிறகு நிழலான இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

வெங்கடபதி மாசாணியம்மாளிடம் ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்தான். "அம்மணி, ஒவ்வொரு வள்ளத்தையும் இதால வழிச்சுப்போட்டு உள்ள கொட்டோணும். நிமிசத்துக்குப் பன்னெண்டு. நான் எண்ணிச் சொல்றேன்."

மாசாணி அந்தச் சட்டத்தை ஏதோ செத்த ஓணானைப் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். அங்கப்பனும் பார்த்தான். அவன் உதடு கோணியது.

"அட, நம்மூட்டுக் கோல் மாதிரியே இருக்குது! அண்ணனும் கடைசியில வழிச்சு அளக்க ஆரம்பிச்சாச்சா?"

வெள்ளியங்கிரியின் காது சிவந்தது.

"மாசாணி, அதைக் கீழ போடு. எப்பவும் போல அள."

வெங்கடபதி ஓடி வந்தான். "ஏனுங்கய்யா, வேண்டாமுங்க. குவிச்சா கணக்கு…"

"என்ற ஊட்டுல தலை வழிச்சு அளந்தது கெடையாது நாயுடு. நாலு தலைமுறைக்கும் கெடையாது. உன்ற காத்துக்காக இன்னைக்குப் புதுசாப் பழகோணுமா?"

"விக்கறப்பக் குவிச்சே அளங்க ஐயா. இது நம்ம கொட்டகையிலிருந்து நம்ம தொட்டிக்குத்தானே போகுது. யாருக்கும் கொறைச்சல் இல்லீங்களே."

அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததாலேயே அவருக்கு எரிச்சல் கூடியது. அங்கப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாயுடு பையன் தனக்கு வழக்கம் சொல்லிக்கொடுப்பதா?

"அளக்கறவங்களுக்கு நான் சொல்றேன். நீ உன்ற கண்ணாடியைப் பாரு."

வெங்கடபதி சுவரிடம் போனான். 12 – 32 என்பதற்குக் கீழே 15 – 38 என்று எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக் குழாய் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். வெள்ளியங்கிரி அதைப் படித்தார். முப்பத்தெட்டு, முப்பத்தாறு என்ற கோட்டுக்கு மேலே என்பதும் அவருக்குத் தெரிந்தது. பன்னிரண்டு குவித்த வள்ளம் பதினைந்து வழித்த வள்ளம் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கொங்கு நாட்டிலேயே இருக்க முடியாது. அதுதானே அவருடைய வீட்டுப் பெருமை. இருந்தும் கையை ஆட்டினார்.

கலீல் சுவிட்சைப் போட்டான். குழாய் முனக ஆரம்பித்தது. நீலத் தண்ணீர் எட்டில் போய் நின்றது. பெண்கள் நால்வரும் குழாய்மேல் வைத்த புனலில் மாறி மாறி வள்ளத்தைக் கவிழ்த்தார்கள், ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி. அடியில் சுழன்ற இரும்பு உருளை போட்டது போட்டபடி தூளை உள்ளே தள்ளியது. தண்ணீர் இருபதைத் தாண்டியது. அக்கரையில் தொட்டிக்குள் சடசடவென்று தூள் விழும் சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி அங்கப்பனைப் பார்த்து மீசையைத் தடவினார்.

முப்பத்திரண்டு. தண்ணீர் நிற்கவில்லை. முப்பத்து நாலு. வெங்கடபதி கையைத் தூக்கினான். முப்பத்தாறு. மோட்டாரின் குரல் மாறியது. அக்கரையில் சடசடப்பு நின்றது. குழாயின் முனகல் மேலே மேலே போய் விசில் மாதிரி ஆனது, பிறகு அதுவும் இல்லை. உருளையின் இடுக்கிலிருந்து சுண்ணாம்பு புகையாகப் பீறிட்டது. கலீல் சுவிட்சை இழுத்து அணைத்தான்.

அங்கப்பனுக்கு வந்த சிரிப்பில் அங்கவஸ்திரம் நழுவித் தூளில் விழுந்தது. "அண்ணோவ்! கல்யாணத்துக்கு நாதசுரம் வெச்சீங்க, வித்துவான் தொண்டை அடைச்சுப்போட்டுதே!" பிறகு வெங்கடபதியைப் பார்த்து, "படிச்ச படிப்பெல்லாம் இவ்வளவுதானா நாயுடு? கணக்கு எந்த வாத்தியாருகிட்ட படிச்சே? அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமல்லோ."

வெங்கடபதி வெள்ளியங்கிரியைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. சுவரில் எழுதியிருந்ததை அங்கப்பன் படிக்கவும் இல்லை. எண்களைப் பார்த்தாலே அவனுக்கு யாரோ எதையோ கேட்கப் போகிறார்கள் என்று பயம்.

"அடைப்பு எங்க இருக்குதுன்னு பாக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு வெங்கடபதி சுத்தியலை எடுத்தான். குழாயைத் தட்டிக்கொண்டே போனான். முதல் வளைவைத் தாண்டி மந்தமான சத்தம் கேட்ட இடத்தில் நின்றான். அவனும் கலீலும் இணைப்பைக் கழற்றினார்கள். கட்டியான தூள் பொலபொலவென்று கீழே கொட்டியது.

அங்கப்பனும் பூசாரியும் ரோட்டோரம் இளநீர் குடிக்கப் போனார்கள். அங்கே நின்றிருந்த வண்டிக்காரர்களிடம் அங்கப்பன் நாதசுரக் கதையை முதல்முறையாகச் சொன்னான். பிற்பாடு அதை எத்தனை முறை சொன்னான் என்பதற்கு எல்லையில்லை. மற்ற மூன்று பெண்களும் கண் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தார்கள். வெங்கடபதி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தான். கலீல் முதுகைக் காட்டிக்கொண்டு போல்ட்டு தேடினான்.

வெள்ளியங்கிரி மட்டும் அசையாமல் நின்றார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

குழாயிலிருந்து கொட்டிய சுண்ணாம்பு பெண்கள் நடக்கும் பாதையில் கிடந்தது. மாசாணியம்மாள் மூலைக்குப் போனாள், கவிழ்த்து வைத்திருந்த கூடைகளில் ஒன்றை எடுத்தாள், கீழே கிடந்ததை வாரி நிரப்பினாள், சும்மாட்டைத் தலையில் வைத்தாள், கூடையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினாள், நடந்தாள். பத்து வருசமாகச் செய்த வேலை. யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. கொட்டகையில் குவியல்மேல் கவிழ்த்துவிட்டு, கூடையைத் தட்டி, பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

அவர் வாயைத் திறந்தார். கூப்பிட்டால் ரோட்டில் நிற்பவனுக்குக் கேட்கும். வாயை மூடிக்கொண்டார். அறுபத்திரண்டு வருசத்தில் ஒருத்தனுக்காக வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதுவும் யாருக்காக? அங்கப்பனுக்காக!

குழாயை மறுபடி பூட்டியபின் வெங்கடபதி அவர் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஐயா, வழிக்க வேண்டாமுங்க. குவிச்சே போடட்டும். பன்னெண்டுக்குப் பதிலா ஒம்பது போட்டாப் போதும். ஒம்பது குவிச்சா பதினொன்னேகால்தானே வருது. முப்பதரைக்கு மேல ஏறாதுங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

வெள்ளியங்கிரி அவனைப் பார்த்தார். இவ்வளவு வசவு வாங்கியபிறகு இவன் தன் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. அவருடைய வள்ளத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஒருவனிடமிருந்து உதவி வாங்குவது அவருக்கு எப்போதுமே பிடிக்காது. அதைவிட, தான் இளக்காரமாக நினைத்தவனிடமிருந்து வாங்குவது தொண்டையில் சுண்ணாம்பு போட்ட மாதிரி இருந்தது.

"போடு" என்றார்.

ஒன்பது போட்டார்கள். நீலத் தண்ணீர் முப்பதில் ஏறி, முப்பத்தொன்றுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு நின்றது. அதன்பிறகு நகரவே இல்லை. தூள் இருநூறு அடியும் பள்ளத்தைத் தாண்டிப் போய் விழுந்துகொண்டே இருந்தது. கலீல் ஒரு பீடியைப் பற்றவைத்தான். அங்கப்பன் நிழலில் இடம் மாறிக்கொண்டே இருந்தான். நிழல் குறைந்துகொண்டே வந்தது. பொழுது உச்சிக்கு வர இன்னும் கால் மணி இருக்கும்போது தொட்டி விளிம்புக்கு வந்தது.

பூசாரி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "ரொம்பிருச்சுங்க சாமி" என்றான். அவன் குரலில் நிம்மதி.

அங்கப்பன் அங்கவஸ்திரத்தைத் தட்டிக்கொண்டான். பட்டில் பிடித்த சுண்ணாம்பு அவ்வளவு சுலபத்தில் போகாது. "சரி அண்ணா. பரிவட்டம் உங்களுக்கே. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உங்க நாயுடு கணக்குத் தெரியாதவன். மொதத் தடவை கோட்டை உட்டுப்போட்டான். ஊருக்குள்ள யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடாதீங்கன்னு நான் சொல்லத்தான் போறேன்."

வெங்கடபதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். 15 – 38 என்பதை அழிக்கக் கையைத் தூக்கினான்.

"அழிக்காதே" என்றார் வெள்ளியங்கிரி.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பரிவட்டம் அவர் தலையில், பழி நாயுடு தலையில். அங்கப்பன் கூடைகளை எண்ணிக் கவிழ்த்து வைத்தான், ஆனால் கூடை நடந்து போனது அவன் கண்ணில் படவில்லை. அவனுடைய குருட்டுத்தனத்தால் ஜெயிப்பதா? அங்கப்பன் வீட்டில் அப்படித்தான் ஜெயிப்பார்கள்: எதிராளி பார்க்காத நேரத்தில், வள்ளத்தின் தலையை வழித்து.

"கணக்கு தப்பல" என்றார். "குவிச்சா அடைக்கும்னு அவன் முன்னயே எழுதி வெச்சான். குவிக்கச் சொன்னது நான். அந்தச் செவுத்துல இருக்குது. படிக்கத் தெரிஞ்சா படி." பிறகு திரும்பினார். "மாசாணி, கொட்டுன தூளைக் கூடையில அள்ளித் தலையில வெச்சியா?"

மாசாணியின் முகம் அப்போதுதான் மாறியது. "அய்யோ சாமி… பழக்கத்துல வெச்சுப்போட்டனுங்க…"

"உன்ற மேல தப்பில்ல. போ."

அங்கப்பன் விழித்தான். "எனக்குத் தெரியாதே அண்ணா!"

"உனக்கு என்னதான் தெரிஞ்சுது? ஒரு கூடை ஏறாமன்னு சொன்னேன். ஏறிப்போச்சு. பரிவட்டம் உனக்கு. எடுத்துக்க. செங்கோட்டையா, நீ சாட்சி."

"வேண்டாமுங்கண்ணா, ஒரு கூடைதானே…" என்றான் அங்கப்பன்.

"ஒரு கூடைகூட ஏறாதுன்னுதானே நான் வாக்குக் குடுத்தேன்."

அங்கப்பனுக்கு ஜெயித்த சந்தோசம் வரவில்லை. அவன் கேட்டது கிடைத்தது, ஆனால் காலடியில் போட்ட மாதிரி கிடைத்தது. வெள்ளியங்கிரி அவனுக்கு முதுகைக் காட்டி வெங்கடபதியிடம் போனார். இரண்டடி தள்ளி நின்றார்.

"நாளையிலிருந்து வழிச்சுப் பன்னெண்டு போடு" என்றார். "விக்கற எடத்துல குவிச்சு அளக்கறேன். இங்க உன்ற கணக்குப்படி."

மன்னிப்புக் கேட்பது அந்த வீட்டில் கிடையாது. வெங்கடபதியும் எதிர்பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து முப்பதரை என்று எதையோ குறித்துக்கொண்டான்.

மாசிப் பொங்கலில் அங்கப்பன் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டினான். இரண்டு தடவை அவிழ்ந்து தோளில் விழுந்தது. வெள்ளியங்கிரி இரண்டாவது ஆளாக நின்று விபூதி வாங்கிக்கொண்டார். முதுகு வளையவில்லை.

காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டதால்தான் அந்த வருசம் வெள்ளியங்கிரி வீட்டைவிட்டுப் பரிவட்டம் போனது என்றும், நாயுடு போட்ட கணக்கு தப்பு என்றும் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது பொய். கணக்கு இரண்டு தடவையும் சரி. பரிவட்டம் போனது ஒரு கூடையால். அந்தக் கூடை ஏறக் காரணம் வெள்ளியங்கிரி குவிக்கச் சொன்ன வள்ளம்.